வீட்லயே வயித்து டயாலிசிஸ்: ட்ரெய்னிங்ல எதைக் கத்துக்கிட்டு வீட்டுக்குப் போகணும்

டயாலிசிஸ்னு சொன்ன உடனே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அந்தப் பெரிய மெஷின், கையில ரெண்டு ஊசி, வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். அது ஹீமோடயாலிசிஸ். இன்னொரு வகை இருக்கு, பெரிடோனியல் டயாலிசிஸ், சுருக்கமா பி.டி., நம்ம ஆளுங்க வயித்து டயாலிசிஸ்னு சொல்றாங்க. இதை வீட்லயே, நீங்களே இல்லன்னா உங்க வீட்டு ஆளே பண்ணலாம். கையால பண்ற முறைக்கு மெஷின் வேண்டாம், ஊசி வேண்டாம், தண்ணி உள்ள போய் வெளிய வர கரண்ட்கூட வேண்டாம். ஆனா ஒழுங்கா கத்துக்கிட்டுதான் பண்ணணும், இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பத்திதான். நான் மும்பைல பி.டி. பேஷண்டுகளுக்கு ட்ரெய்னிங் கொடுக்குற நர்ஸ், தாராவி, சயான், செம்பூர் பக்கத்து தமிழ்க் குடும்பங்கள் நிறைய பேரைப் பாத்திருக்கேன், அதனால உதாரணம் எல்லாம் அந்த வீடுகள்ல இருந்துதான் வரும்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கலாம், ஏன்னா இது புரியாம வெறும் ஸ்டெப்பை மனப்பாடம் பண்ணவங்கதான் பின்னாடி சிக்கல்ல மாட்டுறாங்க.

நம்ம வயித்துக்குள்ள குடல், ஈரல் எல்லாத்தையும் சுத்தி ஒரு மெல்லிசான சவ்வு இருக்கு, அதுக்குப் பேரு பெரிடோனியம். அதுல பொடிப்பொடி ரத்தக்குழாய் ஏகப்பட்டது ஓடுது. ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி சிலிக்கான்ல செஞ்ச மெத்துன்னு ஒரு டியூப்பை வயித்துக்குள்ள வெச்சிருவாங்க, அதுதான் கத்தீட்டர், பாதி உள்ள, ஒரு ஜாண் மாதிரி வெளிய தொங்கும். அது வழியா சுமார் 2 லிட்டர் மருந்துத் தண்ணி உள்ள போகும். அந்தத் தண்ணில சர்க்கரை, அதாவது டெக்ஸ்ட்ரோஸ் இருக்கு. மாங்காயை உப்புப் போட்டு ஊற வெச்சா மாங்காய்ல இருக்குற தண்ணி வெளிய வந்து ஜாடில நிக்குதுல்ல, அதே மாதிரி இங்க சர்க்கரை, ரத்தத்துல அதிகமா இருக்குற தண்ணியை இழுக்குது, யூரியா கிரியாட்டினின் மாதிரி கழிவும் சவ்வைத் தாண்டி இந்தத் தண்ணிக்குள்ள வந்துரும். 4 லேர்ந்து 6 மணி நேரம் கழிச்சு அந்தத் தண்ணியை வெளிய எடுத்துட்டு புதுசா விடணும். இதுக்குப் பேரு எக்ஸ்சேஞ்ச். கையால பண்ற முறைக்கு சி.ஏ.பி.டி.ன்னு பேரு, பெரும்பாலும் ஒரு நாளைக்கு 4 எக்ஸ்சேஞ்ச், நைட்டு விட்ட தண்ணி காலைல வரைக்கும் உள்ளயே இருக்கும். இன்னொண்ணு ஏ.பி.டி., சைக்கிளர்னு ஒரு சின்ன மெஷின் நைட்டு தூங்கும்போதே இந்த வேலையைப் பாத்துக்கும், அந்த மெஷினுக்கு கரண்ட் வேணும்.

டாக்டர் ஹென்றி டென்காஃப் 1968-ல கொண்டு வந்த டிசைன்தான் இன்னைக்கும் பெரும்பாலான கத்தீட்டருக்கு அடிப்படை. 1976-ல அமெரிக்காவுல பாபோவிச், மோன்கிரீஃப்னு ரெண்டு பேர் நாள் முழுக்க வயித்துல தண்ணி வெச்சுக்கிட்டே நடமாடலாம்னு சி.ஏ.பி.டி.யைக் கொண்டு வந்தாங்க. ஆரம்ப காலத்துல இன்ஃபெக்ஷன் பயங்கரமா வந்துச்சாம். 1980-கள்ல இத்தாலில ஒய் வடிவ டியூப் வந்து, புதுத் தண்ணியை உள்ள விடுறதுக்கு முன்னாடி கொஞ்சத்தை வெளிய ஓட விட்டு கனெக்ஷனைக் கழுவுற பழக்கம் வந்த பிறகுதான் அது குறைஞ்சுது. இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ட்ரெய்னிங்ல உங்களுக்கு சொல்லிக் கொடுக்குற ஃப்ளஷ், அதாவது அஞ்சு எண்ணுற வரைக்கும் தண்ணியை ஓட விட்டுக் கழுவுறது, சும்மா சம்பிரதாயம் இல்ல.

எங்க வீடு சின்னது, இது சரிப்படுமா?

மும்பைல எல்லாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான். பத்துக்குப் பத்து கோலி, அதாவது ஒரே ஒரு ரூம், அதுலயே சமையல், அதுலயே அஞ்சு பேர் படுக்கணும், இதுல எங்க டயாலிசிஸ் பண்றதுன்னு. நான் ஹாங்காங்கைச் சொல்லுவேன். அங்க வீடு நம்ம ஊர் மாதிரிதான் தீப்பெட்டி சைஸ், ஆனா 1985 லேர்ந்து அரசாங்க ஆஸ்பத்திரில கிட்னி போனவங்களுக்கு முதல்ல பி.டி.தான்னு கொள்கையே வெச்சிருக்காங்க. பெரிய வீடு வேணாம். ஒரு சின்ன மேசை, ஒரு நாற்காலி, பேகைத் தொங்க விட தோள் உயரத்துக்கு மேல ஒரு கொக்கி, சாத்துறதுக்கு ஒரு கதவு, நல்ல வெளிச்சம், அரை மணி நேரம் யாரும் குறுக்க வராத ஒரு மூலை, அவ்வளவுதான்.

கஷ்டம் வேற இடத்துல இருக்கு. ஒரு மாசத்துக்கு 120 பேக் வரும், ஒவ்வொண்ணும் 2 லிட்டர், கணக்குப் போட்டா 240 லிட்டர், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா வந்து இறங்கும். இதைத் தரையில வைக்கக்கூடாது, மழைக்காலத்துல சுவர்ல ஈரம் ஊறும், எலி வேற கடிக்கும், அதனால பலகை மேலயோ கட்டில் கீழ செங்கல் வெச்சோ தூக்கி வைங்க. கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல வேண்டாம், வெயில் விழுற ஜன்னல் ஓரமும் வேண்டாம். இடம் பத்தலன்னா சப்ளை பண்றவங்ககிட்ட மாசத்துக்கு ரெண்டு தடவையா பிரிச்சு அனுப்ப முடியுமான்னு கேளுங்க, அதே தெருவுல அண்ணன் வீடு, மாமா வீடு இருந்தா பாதியை அங்க வைக்கலாம். இன்னொரு விஷயம், அந்தப் பெட்டியை பேஷண்ட் தூக்கவே கூடாது. வயித்துல 2 லிட்டர் தண்ணியோட கனமானதைத் தூக்கினா ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் வரலாம், டியூப்பைச் சுத்தி கசியவும் செய்யலாம்.

அடுத்தது தண்ணி. கையைக் கழுவ ஓடுற தண்ணி வேணும். நிறைய இடத்துல குழாய்ல தண்ணி காலைல கொஞ்ச நேரம்தான் வரும், மத்த நேரம் ட்ரம்ல பிடிச்சு வெச்சு டப்பாவால மோந்துதான் புழங்குவோம், ஒரு கையால டப்பாவைப் பிடிச்சு இன்னொரு கையைக் கழுவினா அது கழுவினதே இல்ல, ஏன்னா கழுவின கை திரும்ப டப்பாவைத் தொடுது. அதுக்கு அடியில குழாய் வெச்ச ஒரு மூடி போட்ட கேன் வாங்கி மோரில, அதாவது வீட்டுக்குள்ள கழுவுற மூலைல வெச்சுக்கோங்க, அந்த ட்ரெய்னிங் வாரத்துலயே வாங்கிருங்க, இல்லன்னா வேற ஒருத்தரை ஊத்தச் சொல்லுங்க.

வெளிய வந்த தண்ணியை எங்க கொட்டுறது? ஒரு நாளைக்கு 8 லிட்டருக்கு மேல வரும். வீட்டுக்குள்ள கக்கூஸ் இருந்தா அதுலயே மெதுவா, தெறிக்காம ஊத்தி ஃப்ளஷ் பண்ணிருங்க. பொது கக்கூஸ்னா மூடி போட்ட ஒரு பக்கெட்டை இதுக்குன்னே ஒதுக்கி அதுல எடுத்துட்டுப் போங்க. பாத்திரம் கழுவுற மோரிலயோ வாசல்ல ஓடுற சாக்கடையிலயோ கொட்ட வேண்டாம், அது உடம்புல இருந்து வந்த திரவம், மத்தவங்களுக்கு நோய் பரவ வாய்ப்பு இருக்கு. காலி பேகை எப்படிப் போடணும்னு நர்ஸ்கிட்ட கேட்டுக்கோங்க.

யார் கத்துக்கணும்?

இதை யோசிக்காமலே நிறைய வீட்டுல மருமகளை அனுப்பி வெச்சுருவாங்க. அவ ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாம் கத்துக்குவா, ஆனா காலைல 8 மணி லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வேலைக்குப் போறவ மத்தியான எக்ஸ்சேஞ்ச் எப்படிப் பண்ணுவா? கை நடுங்காம, கண்ணு தெரிஞ்சு இருந்தா பேஷண்டே பண்றதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், 70 வயசு பெரியவங்க அருமையா பண்றாங்க, படிப்பு தேவையே இல்ல. சுகர்னால கண்ணு மங்கியிருந்தா, பக்கவாதம் வந்து ஒரு கை சரியா வரலன்னா, அப்ப வீட்ல பகல்ல இருக்குற ஆள் கத்துக்கணும், கூடவே இன்னொரு ஆளும் கத்துக்கணும், ஏன்னா முதல் ஆளுக்கே காய்ச்சல் வந்தா டயாலிசிஸ் நிக்கக்கூடாதுல்ல.

டியூப் வெச்சதும் உடனே முழுசா ஆரம்பிக்க மாட்டாங்க, அவசரம் இல்லன்னா புண்ணு ஆற சுமார் 2 வாரம் விடுவாங்க. இந்த இடைவெளியும் அதுக்குப் பிறகு வர்ற நாட்களும்தான் ட்ரெய்னிங். ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷண்ட்னு இருக்கணும், நாலு குடும்பத்தை ஒண்ணா உக்கார வெச்சு வீடியோ போட்டுக் காட்டுறது ட்ரெய்னிங் இல்ல. நம்ம நாட்டுல பல ஆஸ்பத்திரில, தண்ணி பேக் சப்ளை பண்ற கம்பெனியோட கோஆர்டினேட்டர்தான் சொல்லிக் கொடுப்பாங்க, வீட்டுக்கும் வந்து பாப்பாங்க, அது தப்பில்ல, ஆனா அவங்க வர்ற தேதி, போன் நம்பர், அவங்க இல்லாதப்ப யாரைக் கூப்பிடணும்ங்கிறது மூணையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கோங்க.

பாஷை ஒரு பெரிய விஷயம் இங்க. இந்திலயோ மராத்திலயோ சொல்லிக் கொடுக்கும்போது நம்ம பெரியவங்க மரியாதைக்காக ஹான், ஹான்னு தலையாட்டிருவாங்க, சொல்றவங்களும் புரிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்குவாங்க. வெக்கப்படாதீங்க. தமிழ் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களான்னு கேளுங்க, இல்லன்னா பையனையோ பொண்ணையோ கூட உக்கார வெச்சு ஒவ்வொண்ணையும் தமிழ்ல திருப்பிச் சொல்லிப் பாருங்க. நான் ட்ரெய்னிங்ல புரிஞ்சுதான்னு கேக்குறதே இல்ல. அதுக்கு யாரும் புரியலன்னு சொல்ல மாட்டாங்க. அதுக்குப் பதிலா, அண்ணாச்சி, நான்தான் இப்ப பேஷண்ட், ஒண்ணும் தெரியாது, நீங்க எனக்கு சொல்லிக் கொடுங்கன்னு பேகைக் கையில கொடுத்துருவேன், எங்க தடுமாறுறாங்கன்னு அப்பதான் தெரியும். உங்க ட்ரெய்னர் இப்படிக் கேக்கலன்னா நீங்களே, சிஸ்டர் நான் ஒரு தடவை செஞ்சு காட்டுறேன், பேசாம பாருங்கன்னு சொல்லுங்க.

ஒரு எக்ஸ்சேஞ்ச் எப்படி நடக்கும்

முதல்ல இடம். கதவு, ஜன்னல் சாத்தணும், ஃபேன் ஆஃப், ஏசி இருந்தா அதுவும் ஆஃப், ஏன்னா காத்து தூசியைக் கிளப்பிக் கொண்டு வரும். மே மாசத்துல மும்பைல ஃபேன் இல்லாம அரை மணி நேரம்னா கொடுமைதான், ஆனா முழு நேரமும் தேவை இல்ல, கனெக்ஷன் போடும்போதும் கழட்டும்போதும் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும், நடுவுல எப்பன்னு உங்க நர்ஸைக் கேட்டு வெச்சுக்கோங்க. சாமி ரூம் பக்கத்துலன்னா ஊதுபத்தி, சாம்பிராணி முடிஞ்ச பிறகு பண்ணுங்க. பூனை, நாய் இருந்தா வெளிய, பூனை அந்த டியூப்பைப் பாத்தா விளையாட்டுச் சாமான்னு கடிச்சுரும், அதுல இருந்தே இன்ஃபெக்ஷன் வந்த கேஸ் எல்லாம் மருத்துவப் பத்திரிகைகள்ல வந்திருக்கு.

மேசையைத் துடைச்சு எல்லாச் சாமானையும் எடுத்து வைங்க, பேக், புது மூடி, டியூப்பை அமுக்கி மூடுற கிளாம்ப், மாஸ்க், கையில தேய்க்குற ஹேண்ட் ரப், கணக்கு நோட்டு. கனெக்ஷன் போட்ட பிறகு ஐயோ மூடியை மறந்துட்டேனேன்னு பீரோவைத் தொறக்கப் போகக்கூடாது. பேகை உடம்புச் சூட்டுக்கு சூடு பண்ணணும், இதுக்குன்னு கிடைக்குற வார்மர் பேட் போதும். வெந்நீர்ல முக்க வேண்டாம், அந்தத் தண்ணி வழியா கிருமி கனெக்ஷன் பக்கம் போகும், மைக்ரோவேவ்ல வேண்டாம், ஒரு இடம் கொதிக்கும் ஒரு இடம் ஆறிக் கிடக்கும்.

பேகைப் பாருங்க. எக்ஸ்பைரி தேதி, சர்க்கரை எத்தனை பர்சென்ட், எத்தனை லிட்டர், தண்ணி தெளிவா இருக்கா, அமுக்கினா எங்கயாவது கசியுதா. மாஸ்க் மூக்கையும் மூடணும், பக்கத்துல நிக்குறவங்களும் போடணும். மோதிரம், வளையல், வாட்ச் கழட்டி, நகம் வெட்டியிருக்கணும், சோப்பு போட்டு விரல் இடுக்கு, கட்டை விரல், மணிக்கட்டு வரைக்கும் தேச்சுக் கழுவி, முக்கியமா நல்லாக் காய வைக்கணும், ஈரக் கைல கிருமி சுலபமா ஒட்டும். புடவைத் தலைப்புல, லுங்கில கையைத் துடைக்குற பழக்கம் இங்கதான் மாட்டிவிடும், புது டிஷ்யூ வெச்சுக்கோங்க. கழுவின பிறகு மூக்கைச் சொறிஞ்சா, போனை எடுத்தா, திரும்பக் கழுவணும்.

இப்பதான் உயிர்நாடி. வயித்துல இருந்து வர்ற டியூப்போட முனையில டிரான்ஸ்ஃபர் செட்னு ஒரு பாகம் இருக்கும், அதுமேல மருந்து வெச்ச ஒரு சின்ன மூடி. அந்த மூடியைக் கழட்டி பேகோட டியூப்பை மாட்டுற அந்த ரெண்டு மூணு செகண்ட், ரெண்டு முனையும் திறந்திருக்கும், ரெண்டும் எதையும் தொடக்கூடாது, உங்க விரல், சட்டை, மேசை, எதையும். முழு ட்ரெய்னிங்கும் இந்த ரெண்டு மூணு செகண்டைச் சுத்திதான். முனையைக் கீழ பாத்த மாதிரி பிடிச்சு, பேச்சில்லாம மாட்டணும்.

அப்புறம் எல்லாம் புவியீர்ப்பு பாத்துக்கும். கீழ இருக்குற காலி பேகுக்கு பழைய தண்ணி இறங்க 20 நிமிஷம் ஆகலாம். அது முடிஞ்சதும் உங்க பக்கத்து கிளாம்பை மூடி, மேல இருக்குற புதுத் தண்ணியை நேரா கீழ பேகுக்கு அஞ்சு எண்ணுற வரைக்கும் ஓட விடணும், இதுதான் நான் முன்னாடி சொன்ன ஃப்ளஷ், டியூப்ல இருக்குற காத்தும், தப்பித்தவறி கிருமி இருந்தா அதுவும் வயித்துக்குப் போகாம கீழ போயிரும். அப்புறம் கீழ் டியூப்பை மூடி உள்ள விடணும், 10 நிமிஷம். மூடி, கழட்டி, புது மூடி. பழைய மூடியைத் திரும்பப் போடவே கூடாது, அது ஒரு தடவைக்குத்தான். மொத்தம் 30 லேர்ந்து 40 நிமிஷம்.

கடைசில வெளிய வந்த தண்ணியை எடை பாத்து நோட்டுல எழுதி, தெளிவா இருக்கான்னு பாக்கணும். பேகுக்கு அடியில தினத்தந்தி பேப்பரை வைங்க, எழுத்து வாசிக்க முடிஞ்சா தெளிவு, மங்கலா தெரிஞ்சா கலங்கல். படிக்கத் தெரியாதவங்களும் எழுத்து தெரியுதா இல்லயான்னு சொல்லிருவாங்க, இதைவிட நல்ல டெஸ்ட் வீட்ல இல்ல.

தப்பு நடந்தா என்ன பண்றது

என் அபிப்பிராயம் என்னன்னா ட்ரெய்னிங்ல பாதி நேரம் இதுக்குத்தான் போகணும். சரியா செய்யுறது எல்லாருக்கும் ஒரு வாரத்துல வந்துரும், சிக்கல் வந்தா நைட்டு 11 மணிக்கு என்ன செய்யணும்ங்கிறதுதான் வர்றதில்ல.

கலங்கலா தண்ணி வந்தா, இல்ல வயிறு வலிச்சு காய்ச்சல் இருந்தா, அது பெரிடோனைட்டிஸ், வயித்துச் சவ்வுல இன்ஃபெக்ஷன்னு எடுத்துக்கிட்டே நடக்கணும். காலைல பாக்கலாம்னு இருக்கக்கூடாது, உடனே போன், உடனே ஆஸ்பத்திரி, அந்தக் கலங்கல் பேகையும் கட்டி எடுத்துட்டுப் போங்க, லேப்ல டெஸ்ட் பண்ண அதுதான் வேணும். அங்க தண்ணில வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல, அதுல பாதிக்கு மேல நியூட்ரோஃபில் வகையான்னு பாப்பாங்க, கல்ச்சர், அதாவது எந்தக் கிருமின்னு வளத்துப் பாக்குற டெஸ்டுக்கு அனுப்புவாங்க, மருந்தையும் பெரும்பாலும் பேக் தண்ணிலயே கலந்து வயித்துக்குள்ளயே விடுவாங்க. சீக்கிரம் போனா பெரும்பாலும் டியூப்பை எடுக்காமலே சரியாயிரும், விட்டுட்டா டியூப்பும் போகும், சவ்வும் கெடும், உயிருக்கே ஆபத்து ஆகும். மெடிக்கல் கடைல போய் ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு போறது வேண்டவே வேண்டாம், கல்ச்சர்ல எந்தக் கிருமின்னு தெரியாமப் போயிரும். வெள்ளையா நூல் நூலா வந்தா அது ஃபைப்ரின், பல நேரம் ஆபத்து இல்ல, ஆனா சொல்லிருங்க. லேசா ரோஸ் கலர்ல வந்தா, மாதவிலக்கு சமயத்துல பெண்களுக்கு அப்படி வரும், அப்பவும் ஒரு போன்.

கனெக்ஷன் போடும்போது முனை எதையாவது தொட்டுருச்சு. மாட்டாதீங்க. கிளாம்ப் மூடி இருக்கான்னு பாருங்க, புது மூடி போடுங்க, நர்ஸைக் கூப்பிடுங்க. கிளாம்ப் மூடி இருந்தப்ப தொட்டதுக்கும், திறந்து தண்ணி உள்ள ஓடின பிறகு தெரிஞ்சதுக்கும் வைத்தியம் வேற வேற, ரெண்டாவதுக்கு டிரான்ஸ்ஃபர் செட்டை மாத்துறதோட முன்கூட்டியே ஆண்டிபயாடிக்கும் கொடுப்பாங்க, அதனால என்ன நடந்துச்சோ அதை அப்படியே சொல்லுங்க. திட்டுவாங்கன்னு பயந்து மறைக்குறவங்கதான் எங்களுக்குக் கவலை. நானும் ட்ரெய்னிங்ல வேணும்னே முனையைத் தொட்டுட்டு, அக்கா, இப்ப தொட்டுட்டேன், என்ன பண்ணலாம்னு கேட்டுப் பழக்குவேன்.

டியூப் கிழிஞ்சாலோ விரிசல் விட்டாலோ, கிழிஞ்ச இடத்துக்கும் உடம்புக்கும் நடுவுல கிளாம்ப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு. கத்திரி, பிளேடை அந்தப் பக்கமே கொண்டு வரக்கூடாது, பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டிருந்தா கையால உரிங்க.

தண்ணி வெளிய வரல. முதல்ல கிளாம்ப் மூடியிருக்கா, டியூப் மடங்கியிருக்கான்னு பாருங்க, எந்திரிச்சு நடங்க, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க. அப்புறம் ஒரு கேள்வி, ரெண்டு நாளா வெளிக்குப் போச்சா? இதைக் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க, ஆனா மலச்சிக்கல்ல குடல் வீங்கி டியூப்பை நசுக்கறதுதான் ரொம்ப சாதாரணமான காரணம். உள்ள போனதைவிடக் கம்மியா வெளிய வந்துட்டே இருந்தா அடுத்ததை விடாம போன் பண்ணுங்க.

டியூப் வெளிய வர்ற ஓட்டை, எக்ஸிட் சைட், தினமும் பாக்கணும். சிவப்பு, வீக்கம், சீழ், தொட்டா வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் சொல்லணும். டாக்டர் எழுதிக் கொடுத்த முபிரோசின் மாதிரி ஆயின்மென்ட்டை சொன்ன மாதிரி தடவுங்க, பொருக்கைப் பிய்க்காதீங்க, டியூப்பை உடம்போட டேப் போட்டு ஒட்டி வைங்க, இழுபடக்கூடாது. புண்ணு ஆறின பிறகு நர்ஸ் சரின்னு சொன்னா ஓடுற தண்ணில குளிக்கலாம், குளிச்சதும் அந்த இடத்தைச் சுத்தமான காஸ் துணியால ஒத்திக் காய வைக்கணும். ஆறு, குளம், தொட்டில முங்குறது வேண்டாம். மஞ்சள், விபூதி, பவுடர், தேங்கா எண்ணெய், வீட்ல பாட்டி எதைக் கொண்டு வந்தாலும் அந்த ஓட்டைல வேண்டாம்.

எந்த பேக்?

சர்க்கரை அளவு 1.5, 2.5, 4.25ன்னு மூணு பர்சென்ட் பேக் வரும். சர்க்கரை அதிகமானா அதிகமா தண்ணி இழுக்கும். தினமும் ஒரே நேரத்துல, வயித்துல தண்ணி இருக்குறப்பவா இல்லாதப்பவான்னு ஒரே மாதிரி எடை பாருங்க, பிபி பாருங்க, கால்ல வீக்கம் இருக்கான்னு அமுக்கிப் பாருங்க. எடை ஏறி கால் வீங்கி மூச்சு வாங்குதுன்னா தண்ணி கூடியிருக்கு, எடை இறங்கி பிபி குறைஞ்சு தலை சுத்தி கெண்டைக்கால் பிடிச்சு இழுத்தா வறண்டு போயிருக்கீங்க. எந்த அளவுக்கு எந்த பேக்னு டாக்டர் ஒரு சீட்டுல எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, அந்தச் சீட்டை சுவர்ல ஒட்டுங்க. கருவாடும் ஊறுகாயும் வயிறு நிறையத் தின்னுட்டு 4.25 போட்டுச் சமாளிக்கலாம்னு சிலர் பண்றாங்க, தொடர்ந்து கெட்டி பேக் போட்டா சவ்வு சீக்கிரம் வீணாகும், சுகரும் ஏறும்.

சுகர் இருக்குறவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஐகோடெக்ஸ்ட்ரின்னு ஒரு வகை பேக் உண்டு, நீண்ட நேரம் உள்ள வைக்குறதுக்கு. அதைப் போடுறவங்களுக்குச் சில வகை சுகர் மெஷின், ஸ்ட்ரிப் நிஜத்தைவிட அதிகமாக் காட்டும், அதை நம்பி இன்சுலின் கூட்டிப் போட்டா சுகர் தடாலடியா இறங்கி மயக்கமே வரும். உங்க மெஷினோட பேரைக் காட்டி இது சரியான்னு நர்ஸ்கிட்டயோ டாக்டர்கிட்டயோ கேட்டுக்கோங்க, வேற ஆஸ்பத்திரில அட்மிட் ஆனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க.

சாப்பாட்டுல ஒரு குழப்பம் எல்லா சாள்லயும், அதாவது வரிசையா ரூம் ரூமா இருக்குற குடியிருப்புலயும் நடக்கும். பக்கத்து வீட்ல ஹீமோ பண்றவர் வாழைப்பழம் தொடாதே, இளநி தொடாதேன்னு பயமுறுத்துவார். பி.டி.ல தினமும் பொட்டாசியம் வெளிய போய்க்கிட்டே இருக்கும், சிலருக்குக் குறைஞ்சே போயிரும், அதனால அவருடைய பத்தியம் உங்களுக்குப் பொருந்தணும்னு இல்ல, உங்க ரத்த டெஸ்ட்தான் முடிவு பண்ணணும். அதே மாதிரி புரோட்டீனும் தண்ணியோட தினமும் வெளிய போகுது, அதனால முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி, சைவம்னா டயட்டீஷியன் சொல்ற அளவுல பருப்பு, பனீர், இதெல்லாம் குறைக்காம சாப்பிடணும்.

பழகின பிறகுதான் ஆபத்து

முதல் மாசம் எல்லாரும் பயபக்தியா பண்ணுவாங்க. ஆறு மாசம் ஆச்சுன்னா மாஸ்க் தாடைக்கு இறங்கும், சீரியல் ஓடிக்கிட்டே இருக்கும், கையைக் கழுவுறது நனைக்குறதாகும். ஒண்ணும் ஆகலயேன்னு தைரியம் வரும், அப்பதான் ஒரு நாள் கலங்கலா வரும். பி.டி.க்கான சர்வதேச சங்கத்தோட 2022 வழிகாட்டுதல்ல ஒரு சென்டர்ல பெரிடோனைட்டிஸ் ஒரு பேஷண்டுக்கு வருஷத்துக்கு 0.4க்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அதாவது 10 பேர் ஒரு வருஷம் பண்ணா 4 தடவைக்கு மேல வரக்கூடாது. உங்க சென்டர்ல எவ்வளவுன்னு கேக்குறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு, நல்ல சென்டர் கோவப்படாம சொல்லும்.

அதனால ரீட்ரெய்னிங். ஆரம்பிச்சு சுமார் 3 மாசத்துல ஒரு தடவை, அப்புறம் அவ்வப்போது, இன்ஃபெக்ஷன் வந்து தேறின உடனே, ரொம்ப நாள் ஆஸ்பத்திரில படுத்து எந்திரிச்ச பிறகு, கண்ணு ஆபரேஷனுக்குப் பிறகு, பாத்துக்குற ஆள் மாறினா, இப்படி ஒவ்வொரு தடவையும் நர்ஸ் முன்னாடி ஒரு முழு எக்ஸ்சேஞ்ச் செஞ்சு காட்டணும். முடிஞ்சா வீட்ல, உங்க கேன் தண்ணி, உங்க கொக்கி, உங்க வெளிச்சத்துல. டிரான்ஸ்ஃபர் செட்டை சாதாரணமா 6 மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரில மாத்துவாங்க, அந்த விசிட்லயே இதையும் கேட்டு வாங்கிக்கோங்க. கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற டெஸ்ட், இல்லன்னா கர்ப்பப்பை சம்பந்தமான டெஸ்ட் எதுவும் பண்றதா இருந்தா முன்னாடியே உங்க கிட்னி டாக்டர்கிட்ட சொல்லணும், முன்கூட்டியே ஆண்டிபயாடிக் கொடுப்பாங்க.

செலவு பத்தி ஒரு வரி, 2016-ல ஆரம்பிச்ச பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டம் முதல்ல ஹீமோவுக்கு மட்டும்தான் இருந்துச்சு, 2019-ல பி.டி.க்கும் வழிகாட்டுதல் வந்தது, உங்க ஆஸ்பத்திரில அது நடைமுறையில இருக்கான்னு சோஷியல் வொர்க்கரைக் கேளுங்க.

மழை பத்தியும் சொல்லணும். 2005 ஜூலை 26 அன்னிக்கு சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மி.மீ. மழை பெஞ்சு ட்ரெயின், பஸ் எல்லாம் நின்ன ஊர் இது. அப்படி ஒரு நாள்ல ஹீமோ பேஷண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வழியே இருக்காது, வயித்து டயாலிசிஸ் பண்றவங்களுக்கு பேகும் கைகழுவத் தண்ணியும் இருந்தா வீட்லயே வேலை நடக்கும். ஆனா சப்ளை வண்டியும் அன்னிக்கு வராது, அதனால ஜூன்லயே கூடுதலா சில நாளுக்கான பேக், மூடி ஸ்டாக் வெச்சுக்கோங்க, குழாய் வெச்ச கேனையும் நிரப்பியே வைங்க.

திருநெல்வேலிக்கு கோயில் கொடைக்குப் போகணுமா, தாராளமா போங்க. டிக்கெட் போட்ட அன்னிக்கே சப்ளை பண்றவங்ககிட்ட ஊர் அட்ரஸ் கொடுத்துட்டா, பேகை அங்கயே இறக்க ஏற்பாடு பண்ண முடியுமான்னு பாப்பாங்க, வழியில ட்ரெயின்ல எந்த எக்ஸ்சேஞ்சைத் தள்ளிப் போடலாம், எதை முன்னாடியே முடிக்கலாம்னு நர்ஸ் நேரம் போட்டுக் கொடுப்பாங்க, ஊர்ல பக்கத்துல பி.டி. பாக்குற ஆஸ்பத்திரி எதுன்னும் அப்பவே கேட்டு அந்த நம்பரையும் நோட்டோட பின் அட்டைல எழுதிக்கோங்க.